கோரை இல்லாத அறுபது சென்ட்

அந்த இடத்தை முதலில் பார்த்தபோது அது நிலமாகவே தெரியவில்லை. வித்துராவிலிருந்து கல்லாற்றுக்குப் போகும் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, ரப்பர் மரங்களுக்கு நடுவே கொஞ்சம் நடந்தால், ஓடையை ஒட்டி அறுபது சென்ட். திருதராஷ்டிரப் பச்சை என்று இங்கே ஒரு கொடியைச் சொல்வார்கள். எதைத் தொட்டாலும் கட்டிப்பிடித்து மூச்சை நிறுத்திவிடும் என்பதால் அந்தப் பெயர். அது பாய் விரித்த மாதிரி முழு நிலத்தையும் மூடிக் கிடந்தது. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் அடியில் கோரை. என் கணவர் செருப்புக் காலால் ஒரு இடத்தைக் கிளறிவிட்டு, "இதிலெ கெழங்கா? பன்னிகூட வராது பிள்ளே" என்றார்.

நாங்கள் பாறசாலைக்குத் தெற்கே, எல்லையோரத்துத் தமிழ்க் குடும்பம். சபைக்குப் போகிறவர்கள். அவர் கேரளத் தலைநகரத்தில் பெரிய கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். சாரம் சரிந்து விழுந்ததில் வலது தோள் பழுதாகி, கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாமல் போனது. நான் அங்கேயே கிழக்கேகோட்டையில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் நடைபாதையில் கிழங்கு விற்றுக்கொண்டிருந்தேன். மரச்சீனி, சேம்பு, சிறுகிழங்கு. சிறுகிழங்கை மலையாளத்தில் கூர்க்க என்பார்கள். உருளைக்கிழங்கை விரல் நுனி அளவுக்குச் சுருக்கி, கறுப்புத் தோல் போர்த்தி, மண் வாசனை ஏற்றியது மாதிரி இருக்கும். என் அப்பா எல்லையில் அதைத்தான் பயிர் செய்தார். அதனால் எனக்குத் தெரிந்த விவசாயமும் அது ஒன்றுதான்.

நிலம் ஒரு ரிட்டையர்ட் டீச்சருடையது. கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் வீடு. சிறுகிழங்கு சீசனில் தவறாமல் என்னிடம் வாங்குவார். என் கணவர் விழுந்த கதையைக் கேட்டுவிட்டு அவர்தான் சொன்னார். "வித்துரா பக்கம் எங்களுக்கு ஒரு எடம் கெடக்கு. ஆத்துக்காரர் வாங்கிப் போட்டது. அவர் போனப்புறம் ஒருத்தரும் எட்டிப் பாக்கறதில்லை. நீ வேணும்னா ஏதாவது நட்டுக்கோயேன்."

விளைவதில் அவருக்கு ஒரு பங்கு என்று பேச்சு. கேரளத்தில் நிலத்தைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, விடச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதனால் யாரும் எழுதித் தருவதுமில்லை, கேட்கிறவர்களும் இல்லை. எல்லாம் வாய்ச்சொல். நாங்கள் வித்துராவில் ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு வந்து சேர்ந்தோம்.

முதல் வருஷம் என் கணவர் சொன்னபடிதான் எல்லாம் நடந்தது. களைக்கொல்லி. இங்கே விற்கக்கூடாது என்று சொன்ன மருந்தைக்கூட எல்லை தாண்டி வாங்கி வருகிறவர்கள் உண்டு. அப்படி ஒருவரிடம் வாங்கினார். ஸ்பிரேயரை இடது தோளில் மாட்டிக்கொண்டு முழு நிலத்துக்கும் அடித்தார். கொஞ்ச நாளில் எல்லாம் காய்ந்து செம்பட்டை நிறமாகக் கிடந்தது. "பாத்தியா? ஒரு குப்பியிலெ தீந்துது" என்றார். எனக்கும் அதைப் பார்க்கத் திருப்தியாகத்தான் இருந்தது.

வாரம் என்று இங்கே சொல்கிற நீள மண்மேடுகளைக் கூட்டி, கொடித் துண்டுகளை நட்டோம். மழை பெய்தது. கிழங்குக் கொடி வேர் பிடிப்பதற்குள் கோரை வந்துவிட்டது. கோரைக்கு மண்ணுக்குள் கொட்டை உண்டு. ஒன்றிலிருந்து ஒன்றாக, ஜெபமாலை மணி மாதிரி கோத்துக்கொண்டு கீழே போகும். மேலே இலை கருகினாலும் கீழே எது செத்தது, எது உறங்குகிறது என்று பார்க்க முடியாது. அவருக்குக் கோபம் வந்தது. பயிருக்கு நடுவிலேயே மறுபடி அடித்தார். ஓடைப் பக்கத்திலிருந்து காற்று. சிறுகிழங்குக் கொடி துளசி மாதிரி இளசு, தாங்குமா? மூன்றில் ஒரு பங்கு சுருண்டுபோனது. அன்று சாயங்காலம் அவர் வாசலில் குனிந்து வாந்தி எடுத்தார். முகம் வீங்கியிருந்தது. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுச் சொன்னேன், "இனி இந்தச் சாதனம் வேண்டாம்."

"பின்னே? கையிலெ பறிச்சா தீரும்?"

"எனக்க கை இருக்குல்லா."

"அறுபது சென்ட் கையிலெ பறிக்குவியா? உனக்கு வட்டு பிடிச்சிருக்கு."

சண்டை பல நாள் நீண்டது. என்ன செய்வது என்று அப்போது எனக்கும் தெரியாது. அதற்கு வழி காட்டியது பன்றிதான். வராது என்று அவர் சொன்ன காட்டுப்பன்றி.

அடுத்த வருஷம் நடுவதற்காக ஓடைப் பக்கம் நாற்றங்கால் போட்டிருந்தோம். ஒரு கூட்டம் இறங்கி அதில் பாதியை உழுதுவிட்டுப் போனது. இருந்த கொடி மேல்பாதி நிலத்துக்கு மட்டும்தான் போதுமாக இருந்தது. கீழ்பாதிக்கு மறுபடி கொடி வளர்த்து நடவேண்டி வந்தது. அதற்குள், நடுவதற்காக நாங்கள் கிளறிப் போட்டிருந்த கீழ்பாதி மண்ணில் கோரையும் புல்லும் கிளம்பிவிட்டன. மம்பட்டியால் மேலோட்டமாகச் சுரண்டி எடுத்தேன். கொடி இன்னும் தயாராகவில்லை. மறுபடி முளைத்தது, மறுபடி சுரண்டினேன். பிறகு நட்டோம். மேல்பாதியில் கொடியையே காணமுடியாதபடி புல் ஏறி நின்றபோது, கீழ்பாதி வீட்டு முற்றம் மாதிரி இருந்தது. அதே மண், அதே மழை. நான் வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தார். மறுநாள் ஸ்பிரேயரைக் கழுவிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

அதற்கப்புறம் செய்ததையெல்லாம் சாதனை மாதிரி சொல்ல எனக்கு மனம் இல்லை. உடம்பு வலிக்கிற வேலை, அவ்வளவுதான். கோடைமழை பெய்ததும் மண்ணைக் கிளறிவிட்டுக் காத்திருப்போம். களை முளைக்கும். ஆழமாகக் கிண்டாமல் தோல் உரிக்கிற மாதிரி சுரண்டுவோம், ஆழமாகக் கிண்டினால் அடியில் உறங்குகிறதும் எழும்பி வரும். மறுபடி முளைக்க விட்டு மறுபடி சுரண்டுவோம். அப்புறம் நெருக்கி நட்டு, கம்யூனிஸ்ட் பச்சை என்று இங்கே சொல்கிற காட்டுச்செடியை அது பூப்பதற்கு முன்னால் வெட்டி வந்து வாரங்களுக்கு நடுவே மூடுவோம். கொடி படர்ந்து மண்ணை மறைத்துவிட்டால் கோரைக்கு வெயில் கிடைக்காது. வெயில் இல்லாவிட்டால் கோரை சோர்ந்துபோகும். படர்வதற்கு முன்னால் ஒரு தடவை கையால் பறித்து மண் அணைக்க வேண்டும். அந்த ஒரு தடவைதான் உயிரை எடுக்கும். தொட்டாவாடி என்கிற தொட்டாற்சிணுங்கியின் முள் நகத்துக்கு அடியில் ஏறும். மழையில் குத்தவைத்து நகர்ந்து நகர்ந்து, எழுந்து நிற்கும்போது முட்டி விரிய மறுக்கும். கிழங்கு எடுத்தபின் நிலத்தைச் சும்மா விடாமல் பயறு விதைத்து மூடிவைப்போம்.

மருந்தை முழுதாக விட்டுவிட்டோம் என்று சொன்னால் பொய். சில இடங்களில் கோரை எதற்கும் அடங்கவில்லை. அதற்கு அவர்தான் ஒரு வழி செய்தார். பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியில் ஓட்டை போட்டு, ஸ்பிரேயர் குழாயை அதில் நுழைத்துக் கட்டினார். வாளியைக் கோரையின் மேல் கவிழ்த்து வைத்து அடித்தால், அந்த வட்டத்துக்குள் மட்டும் மருந்து விழும், காற்றில் பறக்காது. நடுவதற்கு முன்னால், அடங்காத இடத்தில் மட்டும். முன்பு குப்பி குப்பியாக ஊற்றிய நிலத்துக்கு ஒரு மூடி அளவு போதும் என்றானது. அந்த வாளியைச் செய்த அன்று அவர் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார். "இத எங்கேயாவது கொண்டு காட்டினா பிரைஸ் கிடைக்கும் பிள்ளே" என்றார். எங்களுக்குள் அவ்வளவு ஒற்றுமையாக இருந்த காலம் வேறு இல்லை.

வருஷங்கள் போயின. மண்ணின் நிறம் மாறியது. கையை விட்டால் மணிக்கட்டு வரை போகும். ஒரு பருவம் மண் அணைக்கக் குனிந்தவள், ஒரு வாரத்து மேட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நகர்ந்துபோயும் ஒரு கோரைகூடத் தட்டுப்படாமல் எழுந்து நின்றேன். அழுகை வந்தது. பக்கத்தில் ரப்பர் வெட்டுகிறவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த வருஷக் கிழங்கில் டீச்சருடைய பங்கோடு ஒரு பை கூடுதலாகவும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு அவர் நிலத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அடுத்த பயிர் படர்ந்து நின்ற சமயத்தில் மருமகனோடு காரில் வந்தார். மருமகன் டெக்னோபார்க் பக்கம் ஏதோ கம்பெனியில் வேலை பார்த்தவர். குடை பிடித்துக்கொண்டு டீச்சர் வரப்பில் நின்றார். மருமகன் பேண்ட்டை மடித்துவிட்டு உள்ளே இறங்கி, ஒரு பிடி மண்ணை எடுத்து மோந்து பார்த்தார்.

"எப்படி சேச்சி இது? ஒரு புல்லுகூட இல்லியே!"

அந்தக் கேள்வியை அதுவரை யாருமே என்னிடம் கேட்டதில்லை. ஊரில் இதே கிழங்கைப் போடுகிற என் அண்ணன்கூடக் கேட்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். முளைக்க விட்டுச் சுரண்டுவதை, மூடுவதை, வாளியை, பயறை. அவர் போனில் படம் எடுத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப ஆர்கானிக்னு போட்டுக்கலாமா?"

"அப்படிச் சொல்லப்பிடாது சாரே. கொஞ்சம் மருந்து உண்டு."

"அதெல்லாம் பரவாயில்லை" என்று சிரித்தார். டீச்சர் கொடியை ஒன்று கிள்ளி முகர்ந்துவிட்டு, "எவ்வளவு அழகா வச்சிருக்கே!" என்றார். அவர்கள் போனபிறகும் வெகுநேரம் எனக்குப் பசியே எடுக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

கொஞ்ச நாள் கழித்து டீச்சர் போன் செய்து வீட்டுக்கு வரச்சொன்னார். போனேன். எத்தனையோ தடவை அந்த வீட்டு வாசலில் நின்று கிழங்கு கொடுத்திருக்கிறேன். உள்ளே வரச்சொல்லி நாற்காலி போட்டது அன்றுதான். அதிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். காபியும் வந்தது.

"தப்பா எடுத்துக்காதே" என்று தொடங்கினார். "மாப்பிள்ளைக்கு வேலை பிடிக்கலை. விட்டுடப்போறான். பொன்முடி மலைக்கு டூர் போறவா தங்கறதுக்கு வித்துரால ஏதாவது பண்ணலாம்னு ஒரு பிளான் இருக்கு. அந்த எடத்தைப் பாத்ததுலேருந்து அவனுக்கு வேற நெனப்பே இல்லை."

"நாங்க அதுல பயிரு செய்துக்கிட்டிருக்கோமே டீச்சர்."

"இருக்கிற கெழங்கை எடுத்துட்டு விட்டுடு. அதுவரைக்கும் ஒண்ணும் சொல்லமாட்டான். உனக்கு எடமா கெடைக்காது? நீ எங்க போனாலும் நன்னாப் பண்ணுவே."

"அந்த மண்ணு இப்பத்தான் சரியாச்சு."

"அதைத்தானே நானும் சொல்றேன். எடம் நன்னா இருக்கப்போய்த்தானே அவனுக்கே ஆசை வந்துது?"

அவர் குத்திக்காட்டவில்லை. என்னைப் பாராட்டுவதாக நினைத்தே அப்படிச் சொன்னார். அதனால்தான் இன்றுவரை என்னால் அதைச் செரிக்க முடியவில்லை. கெட்டவர் என்று சொல்லித் திட்டித் தீர்க்கவாவது முடிந்திருந்தால் மனசு ஆறியிருக்கும். காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். எதைக் காட்டி நான் கேட்பது? என் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

வித்துரா பஸ்ஸில் வரும்போது என் கணவரிடம் எப்படிச் சொல்வது என்பதே நினைப்பாக இருந்தது. சொன்னபோது அவர் கத்தவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் வைத்துவிட்டு, "புல்லு கெடந்திருந்தா ஒருத்தனும் எட்டிப் பாத்திருக்க மாட்டான். நீ வெளக்கி வச்சே. அவன் எடுத்துக்கிட்டான்" என்றார்.

"அப்ப நான் செய்ததுதான் குத்தமா?"

"குத்தம்ணு நான் சொன்னேனா?"

சொல்லவில்லைதான். ஆனால் அதன்பிறகு எங்களுக்குள் எந்தப் பேச்சு வந்தாலும் அது நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. மருந்து வேண்டாம் என்றவள் நான். என் பிடிவாதத்துக்கு அவர் இணங்கினார், பழுதுபட்ட தோளோடு என் பின்னால் குனிந்து வேலை செய்தார். அந்த வருஷங்கள் முழுவதையும் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டேன் என்று அவர் நினைத்தார். நானும்தான் நினைத்தேன். இரண்டு பேரும் ஒரே விஷயத்தை நினைத்துக்கொண்டு ஒருவரையொருவர் வெறுக்க முடியும் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

கடைசிக் கிழங்கை எடுத்து முடித்த அன்று நான் சாக்குகளின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஓடைக் கரைக்குப் போய் ஒரு சாக்கு நிறையக் கோரையைப் பறித்துக்கொண்டு வந்தார். கொட்டை கொட்டையாகத் தொங்கும் கோரை. வயலில் இறங்கி, நெல் விதைக்கிற மாதிரி கையால் வீசிக்கொண்டே போனார். ஓடைப் பக்கத்து மூலையில் அதிகமாகவே வீசினார். நான் ஊசியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். கூப்பிட்டு நிறுத்தியிருந்தால் நின்றிருப்பார். கூப்பிடவில்லை. பழி தீர்த்துக்கொண்ட சந்தோஷமும் வரவில்லை. ஒவ்வொரு பிடியையும் அவர் வீசும்போது, அதைப் பறிக்க எவ்வளவு நேரம் குனிய வேண்டும் என்று என் இடுப்பு தானாகக் கணக்குப் போட்டது.

மழைக்கு முன்னால் ஜேசிபி வந்து வாரங்களைச் சமமாக்கியது. கிழங்கு நடப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். இல்லை. லாரியில் புல் வந்தது. பாய் மாதிரி சுருட்டி வைத்த புல். நான் அத்தனை வருஷம் குனிந்து புல்லை எடுத்த நிலத்தின் மேல், விலைக்கு வாங்கிய புல்லை விரித்துத் தண்ணீர் தெளித்தார்கள். சுற்றிலும் நாலைந்து குடில்கள், நடுவில் நாற்காலிகள். ரோட்டோரத்தில் விஷமில்லாத தோட்டம் என்று பலகை. பஸ்ஸில் போகும்போது பார்க்கக்கூடாது என்று நினைத்தாலும் தலை அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

எங்களுக்கு உடனே வேறு நிலம் கிடைக்கவில்லை. அவர் கூலிக்கு மருந்தடிக்கப் போகத் தொடங்கினார். ஆட்களை அனுப்புகிற ஒருவர் போன் செய்து இடம் சொல்வார், இவர் ஸ்பிரேயரோடு போவார். வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்பதை அவர் முகமே காட்டியது. ஒருநாள் மத்தியானமே திரும்பி வந்து, தோர்த்துத் துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டுச் சொன்னார், "இண்ணைக்கு எங்க அடிச்சேன் தெரியுமா? நம்ம இடத்திலெ."

புல் விரிப்பைத் துளைத்துக்கொண்டு கோரை வந்துவிட்டதாம். அது அவர் வீசியதா, லாரியில் புல்லோடு வந்ததா, யார் கண்டது.

"ஒங்கள அந்த மருமகன் சாருக்கு அடையாளம் தெரிஞ்சிதா?"

"முகத்திலெ தோர்த்து கெட்டியிருந்தேன். 'சேட்டா, அந்த மூலையில நல்லா அடிங்கோ, இது எங்கேருந்து வரதுன்னே தெரியலை'ன்னார்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது.

"வாளி வச்சுத்தான் அடிச்சீங்களா?"

"வாளியா? கெஸ்ட் வரதுக்குள்ள முடிக்கணும்னு நிக்கிறாங்க. வாளி வைக்கவா நேரம்?"

அந்த மூலைக்குக் கீழேதான் ஓடை. அது நேராகக் கல்லாற்றில் போய் விழுகிறது. நான் எழுந்து உள்ளே போய், அரிசியைக் களையத் தொடங்கினேன். அவர் வாசலில் வெகுநேரம் இருமிக்கொண்டிருந்தார்.

இப்போது இருக்கிற நிலம் இன்னும் மேலே, சரிவில் இருக்கிறது. சொந்தக்காரர் கல்ஃபில். இதுவும் வாய்ச்சொல்தான். தெரிந்த வேலை அதுதான் என்பதால் இங்கேயும் அப்படியே செய்கிறேன், முளைக்க விட்டுச் சுரண்டி, நெருக்கி நட்டு, மூடி. ஆனால் கிழங்கு நிற்கிற இடத்துக்கு மட்டும். ரோட்டைப் பார்த்த ஓரத்தில் உன்னிச்செடியை ஆள் உயரத்துக்கு வளர விட்டிருக்கிறேன். வரப்பை வெட்டுவதில்லை. முதலில் எனக்குச் சோம்பல் வந்துவிட்டது என்று அவர் நினைத்தார். ஒருநாள் ரோட்டில் நின்று வயலைப் பார்த்தவர், உள்ளே எதுவும் தெரியாததைக் கண்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார். அதன்பிறகு அதைப்பற்றிக் கேட்கவே இல்லை.

போன மாதம் கிருஷிபவன் என்கிற விவசாய ஆபீசிலிருந்து ஒரு இளம் ஆபீசர் ஸ்கூட்டரில் வந்தாள். நல்ல பெண். செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்கினாள். குறைந்த மருந்தில் களையை அடக்கியிருப்பதை நாலு பேருக்குக் காட்ட வேண்டும், விவசாயிகளைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா, போட்டோ எடுத்துப் போடலாம் என்றாள்.

"காட்ட ஒண்ணும் இல்ல மேடம்."

"இல்ல சேச்சி, இது எத்தர நல்ல வேலை! எல்லாரும் பாக்கணும். அந்த ஓரத்துச் செடியை மட்டும் வெட்டிவிட்டா ரோட்டிலிருந்தே தெரியும்."

"தெரியாண்டாம்."

அவளுக்குப் புரியவில்லை. முகம் வாடிவிட்டது. கொஞ்சம் கிழங்கு தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பினாள்.